பழைய மெம்பரேனுக்குப் புது ஸ்டிக்கர்: 2,880 வெள்ளி போச்சு, ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் கவனம்

முந்தாநாள்தான் மெஷினைப் பிரித்துப் பார்த்தேன். வயிறு இன்னும் எரிகிறது. ஆர்.ஓ. மெஷினில் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சுருள்தான் மெம்பரேன். 4040 அளவு (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்) மெம்பரேன் நான்கு, ஒன்று 720 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), மொத்தம் 2,880 வெள்ளி. நான்குமே எங்கேயோ ஓடித் தேய்ந்த பழசு. மேலே புதிதாக ஃபைபர் சுற்றி, ஸ்டிக்கர் ஒட்டிப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். விற்றது இணையச் சந்தைத் தளம் ஒன்றில் ஃபில்டர் சாமான் கடை போட்டிருக்கும் ஆள். பெயரை இங்கே போடவில்லை. நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பார்கள், அதனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெஷின் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் குடிநீர் நிரப்பித் தரும் ஒரு சின்னக் கடையில் இருக்கிறது. மணிக்கு 600 லிட்டர் நல்ல தண்ணீர், 900 லிட்டர் கழிவு. பினாங்குக் குழாய்த் தண்ணீருக்கு இது அநியாயம். அங்கே உள்ளே வரும் தண்ணீரின் மின்கடத்துதிறன் 92 மைக்ரோசீமென்ஸ்தான், உப்பு அவ்வளவு குறைவு. முக்கால் பங்கை நல்ல தண்ணீராக எடுத்தாலும் கழிவில் உப்பு ஏறக்குறைய நான்கு மடங்குதான் ஆகும். இந்தத் தண்ணீரில் அதனால் சுண்ணாம்பு படியாது.

திட்டம் இதுதான். குறைந்த அழுத்தத்தில் ஓடும் புது மெம்பரேன் நான்கு, மணிக்கு 750 லிட்டர் நல்ல தண்ணீர், 250 லிட்டர் கழிவு. ஆனால் கழிவு வால்வை வெறுமனே 250க்கு இறுக்கினால் கடைசி மெம்பரேனில் ஓட்டம் செத்துவிடும், அழுக்கு அங்கேயே உட்காரும். 4 அங்குல மெம்பரேனின் கழிவு முனையில் மணிக்கு 700 லிட்டராவது ஓட வேண்டும். அதனால் அந்த 700இல் 250ஐ வெளியே விட்டு, மீதி 450ஐ பம்பின் வாய்க்கே திருப்பிவிட ஒரு பைப், ஒரு ஊசி வால்வு, ஒரு ஃப்ளோ மீட்டர். இந்த வேலையெல்லாம் சரியாகத்தான் நடந்தது. கெடுத்தது மெம்பரேன்.

நம்பியது எந்த இடத்தில் என்றால், புலனத்தில் (வாட்ஸ்அப்) தொழிற்சாலைச் சோதனைத் தாளைக் கேட்டதும் ஐந்தே நிமிடத்தில் வந்தது. ஒவ்வொரு சீரியல் எண்ணுக்கும் ஓட்டம், உப்புத் தடுப்பு 99.3 சதவீதம், எல்லாம் அச்சடித்தபடி. எந்த நிலையில் சோதித்தது என்று கேட்டால், "25 டிகிரி, 15 சதவீத மீட்பு அண்ணே" என்று தடுமாறாமல் பதில். மீட்பு என்றால் உள்ளே போகும் தண்ணீரில் நல்ல தண்ணீராக வரும் பங்கு. இப்படிப் பேசுகிறவனுக்குத் தொழில் தெரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தளத்தில் ஒன்று 760 வெள்ளி, நேரே வங்கிக்கு அனுப்பினால் 720 என்றான். 160 வெள்ளி மிச்சம் பார்த்து 2,880 வெள்ளியை அனுப்பியாயிற்று.

மாட்டி, மூன்று மணி நேரம் கழுவிவிட்டு அளந்தால் மணிக்கு 410 லிட்டர்தான் வருகிறது. நல்ல தண்ணீரில் 38 மைக்ரோசீமென்ஸ். 6க்குள் இருக்க வேண்டியது. இங்கே தண்ணீர் 28, 29 டிகிரியில் வருகிறது, ஒரு டிகிரிக்கு ஓட்டம் சுமார் 3 சதவீதம் கூட வேண்டும். குறைந்தால் ஏதோ கோளாறு.

இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கசிகிறதா என்று பார்க்க, நல்ல தண்ணீர் வரும் நடுக்குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் டியூபை விட்டு, ஒவ்வொரு மெம்பரேன் இருக்கும் இடத்திலும் தண்ணீர் எடுத்து அளந்தேன். 36, 38, 37, 40. ஓ-ரிங் போயிருந்தால் இணைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் எண் குதிக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றால் மெம்பரேனே கெட்டது. மெம்பரேனுக்கு வெளியே தண்ணீர் ஒதுங்கி ஓடாமல் தடுக்கும் ரப்பர் வளையமான பிரைன் சீலின் வாயும் தண்ணீர் வரும் பக்கம்தான் பார்த்திருந்தது.

வெளியே எடுத்து நடுக்குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்சுவரில் வட்டமாகக் கீறல். இன்னொரு மெஷினில் இணைப்பு ஏறி இறங்கிய தடம் அது. ஒன்றை அறுத்துப் பிரித்தேன். வெளிச்சுற்று வெள்ளை வெளேர், உள்ளே வலையின் கட்டங்களில் பழுப்பு நிறச் சேறு, குளோரின் வாடை. பழையதை பிளீச்சில் கழுவியிருக்க வேண்டும். பாலிஅமைட் படலத்துக்கு குளோரின் விஷம், உப்பைத் தடுக்கும் தோலே அரித்துப்போகும். நான்கில் இரண்டு ஸ்டிக்கரில் ஒரே சீரியல் எண். மாட்டும்போதே அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு முன்பே, ஓட்டம் குறைவு என்று சொன்ன அன்றே ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "ஒரு நாள் ஓடவிடுங்க அண்ணே, சரியாயிடும்." ஓடவிட்டாயிற்று. "உங்க கார்பன்ல குளோரின் கசியுது." குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டருக்குப் பின்னால் குளோரின் சோதனையில் நிறமே மாறவில்லை, படம் எடுத்து அனுப்பினேன். "மாட்டிட்டா ரிட்டர்ன் கிடையாது." மாட்டாமல் எப்படி அளப்பது? "பாஸ் வெளியூர்ல இருக்காரு." அப்புறம் நீல டிக் வருவதும் நின்றுவிட்டது. தளத்தைக் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே வரி. தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கும் போக வழியில்லை, அது சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கானது. போலீஸ் ரிப்போர்ட் மட்டும் கொடுத்திருக்கிறேன். 2,880 வெள்ளி அந்தக் கணக்கில் இருக்கிறது, கடைக்காரருக்குப் பழைய மெம்பரேனையே திரும்ப மாட்டிக் கொடுத்தாயிற்று, மறுபடியும் மணிக்கு 900 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பை பிரிக்கும் முன் சீரியல் எண்களை வீடியோ எடுங்கள், எண்ணைத் தயாரிப்பாளரிடம் நேரே கேளுங்கள். நடுக்குழாய்க்குள் டார்ச் அடிக்காமல் மாட்டாதீர்கள். கழிவு வால்வை முழுதாக மூடியே ஓட்டலாம், கழிவே வராது என்று சொல்கிறவனிடம் எதுவுமே வாங்காதீர்கள். பட்டர்வொர்த், பிறைப் பக்கம் இதே மாதிரி 720 வெள்ளிக்கு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சீரியல் எண்ணைக் கீழே போடுங்கள், என்னிடம் இருப்பதோடு ஒத்துப் பார்க்கிறேன்.