மருத்துவத் தேடலில் நோயாளிக்கு எங்கே இடம்?

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுக்கும் வேலையில் நோயாளிக்கும் பங்கு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தக் கட்டத்தில் அவரைக் கூப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி. மூன்று வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, அவரே தேடுவது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட் 1996-இல் தொடங்கியது, காசு கிடையாது, மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. முன்பு தேடியவர்கள் எந்தக் கட்டுரையைச் சொடுக்கினார்கள் என்ற பதிவிலிருந்து கற்றதுதான், தேடல் முடிவுகளை அடுக்கும் அதன் 'பெஸ்ட் மேட்ச்' வரிசை. அந்த வகையில் தேடுகிற எல்லோருக்கும் பங்குண்டு. ஆனால் ஏன் தேடினார், கிடைத்தது உதவியதா என்பதெல்லாம் சொடுக்கில் பதிவாவதில்லை.

இரண்டாவது, காக்ரேன் கிரவுட். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தன்னார்வலர்களுக்காக நடத்தும் இணையதளம். 2016-இல் வந்தது. மருத்துவப் படிப்பு வேண்டாம். ஒரு கட்டுரையின் சுருக்கத்தைப் படித்து, அது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனையா இல்லையா என்று சொன்னால் போதும். பலர் ஒரே பதில் சொன்ன பிறகே ஏற்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆங்கிலம் தெரிய வேண்டும், அப்புறம் கேள்வி காக்ரேனுடையது. நோயாளி அதற்குப் பதில் மட்டும் சொல்கிறார்.

மூன்றாவது, மருத்துவ நூலகரும் நோயாளியும் சேர்ந்து உட்கார்ந்து தேடல் சொற்களை அமைப்பது. என் ஓட்டு இதற்குத்தான். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஓர் அம்மாவிடம் என்ன கஷ்டம் என்று கேட்டால், "மெஷின்ல இருந்து இறங்கினா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா, மறுநாள் காலைலதான் எழுந்து உலை வைக்க முடியும்" என்பார். நூலகர் தனியாக இருந்தால் 'ஃபட்டீக்' (சோர்வு) என்று தேடல் பெட்டியில் அடித்துவிட்டுப் போயிருப்பார். எல்லா நோய்களின் சோர்வும் வந்து குவியும். "மறுநாள் காலைலதான்" என்ற சொல்லைப் பிடித்தால் 'டயாலிசிஸ் ரெக்கவரி டைம்' வரை போகலாம். டயாலிசிஸ் முடிந்து இயல்புக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நோயாளிகளையே கேட்டு அளந்த ஆய்வுகள் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. அந்த நேரம் நீளமாக உள்ளவர்கள் அதிகம் மருத்துவமனையில் சேர்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியவரும்.

இதிலும் சிக்கல் உண்டு. நேரம் பிடிக்கும். நன்றாகப் பேசத் தெரிந்தவரின் குரலே மேலோங்கும். டாக்டர் பக்கத்தில் இருந்தால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்று முடித்துவிடுவார்கள். அதனால் முதல் அமர்வில் டாக்டர் வேண்டாம்.

சென்னையில் இதைத் தொடங்கப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரிகளில் நூலகர்கள் இருக்கிறார்கள். டயாலிசிஸ் வார்டு வாசலில் வீட்டு ஆட்கள் ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் காத்திருக்கிறார்கள். ஒரு மடிக்கணினியோடு அங்கே போய், தேடலில் வந்த முதல் இருபது தலைப்புகளைத் தமிழில் சொல்லி, "இதுல எது உங்க வீட்டு விஷயம்?" என்று கேட்கலாம். அவர்கள் தள்ளிவிடும் தலைப்புகளைப் பார்த்தே எந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று நூலகருக்குப் புரிந்துவிடும்.