தாபரிப்புக் காசு: நீதிமன்றத்தில் கட்டுவதா, சம்பளத்தில் கழிப்பதா?

பிள்ளையின் செலவுக்குத் தகப்பன் கொடுக்க வேண்டுமென்று நீதிமன்றம் கட்டளையிடும் காசுதான் தாபரிப்பு. அதை அவர் மாதாமாதம் நீதிமன்றத்தில் கட்ட, தாய் போய்க் கையெழுத்து வைத்து எடுப்பதுதான் எங்கள் பக்கம் பலருக்குத் தெரிந்த வழி. அதில் ஒரு பலம் உண்டு: கட்டினாரா இல்லையா என்று பிறகு யாரும் வாதாட முடியாது, பதிவு அங்கேயே இருக்கும். ஆனால் நெடுந்தீவில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். விடியப் படகேறி குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து ஊர்காவற்றுறைக்கு வந்து நின்றால் "இன்னும் கட்டவில்லை, அடுத்த கிழமை வாங்கோ" என்கிறார்கள். அன்றைய கூலியும் போச்சு, பிள்ளையின் ரியூசன் காசும் இல்லை.

மற்ற வழி, தகப்பனின் சம்பளத்தில் நேரே கழிப்பது. இலங்கையின் 1999 ஆம் ஆண்டு 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. வேலை கொடுப்பவர் கழித்து, அது தாயின் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை, பாஸ் புத்தகமே சாட்சி.

சரி, தகப்பன் கடற்றொழிலாளி, மேசன் என்றால்? கழிக்கச் சம்பளமே இல்லை. அங்கே நீதிமன்றப் பதிவுதான் கை கொடுக்கும், நிலுவை சேர்ந்தால் பிடியாணை வரைக்கும் போகலாம். அப்படியானவர்களும் காசைத் தாயின் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டை நீதிமன்றத்தில் காட்டும்படி கட்டளை கேட்கலாம் தானே.

அரச வேலை, கம்பனி வேலை என்றால் நான் யோசிக்காமல் சம்பளக் கழிவைத்தான் சொல்வேன். வழக்கு நடக்கும்போதே சட்டத்தரணியிடம் கேளுங்கள், வங்கிக் கணக்கு இலக்கத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.