கோத்தகிரி மூடுபனியில் மூன்று வருடம்: 555 சிப்பில் செய்த இரவு விளக்கு

அத்தைக்கு மூட்டு வலி. இரவில் மூன்று நான்கு முறை எழுந்து நடப்பார். ட்யூப் லைட்டைப் போட்டால் கண் கூசும், அப்புறம் தூக்கம் பிடிக்காது. போடாமல் நடந்தால் நிலைப்படி தடுக்கும். ஜீரோ வாட் பல்பு போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்காவது ஒரு மரம் மின்கம்பியில் சாய்ந்தால் எங்கள் பக்கம் விடியும்வரை கரண்ட் இருக்காது. விளக்கு ரொம்பத் தேவைப்படுவது அந்த இரவுகளில்தான். அதனால் சோலார் பேனலோடு ஏற்கெனவே வீட்டில் இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒரு எல்இடி டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட்) செய்தேன். 2021 டிசம்பரில் மாட்டியது. அதன்பின் மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது.

சர்க்யூட் புதிதல்ல. டிப்ளமோ படிக்கும்போது எல்லோரும் செய்ததுதான். ஹான்ஸ் கமன்சிண்ட் 1971-ல் வடிவமைத்து, சிக்னெடிக்ஸ் நிறுவனம் 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 555 டைமர் சிப், ஒரு 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழைத் திருப்பினால் ஓம் மாறும்; ரேடியோ மெக்கானிக்குகள் இதை வால்யூம் என்பார்கள்), மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4148 டயோடு இரண்டு, ஸ்ட்ரிப்புக்கு ஸ்விட்சாக ஒரு ஐஆர்எஃப்இசட்44என் மோஸ்ஃபெட், மீட்டருக்கு 60 எல்இடி கொண்ட 12 வோல்ட் ஸ்ட்ரிப் ஒரு மீட்டர். ஸ்ட்ரிப் முழு வெளிச்சத்தில் 0.4 ஆம்பியர் எடுக்கும். 555 எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகிறது. எரியும் நேரத்தின் பங்கு கூடினால் வெளிச்சம் கூடும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர். ஒரு டயோடு அதை நிரப்பும் வழி, இன்னொன்று காலியாக்கும் வழி. குமிழைத் திருப்பினால் ஒரு பக்கம் குறைகிற ஓம் மறுபக்கம் கூடும். அதனால் வேகம் ஏறக்குறைய மாறாமல், எரியும் பங்கு மட்டும் மாறும்.

முதலில் 104 என்று அச்சடித்த 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரைப் போட்டேன். வினாடிக்குச் சுமார் 140 முறை. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கையை வீசினால் விரல்கள் துண்டு துண்டாகத் தெரிந்தன, மொபைலில் படம் பிடித்தால் பட்டை பட்டையாக ஓடியது. அதற்குப் பதில் 103 (10 நானோஃபாரட்) போட்டதும் வேகம் சுமார் 1,400-க்கு ஏறியது, அந்தத் தொல்லை போனது. இரவு விளக்குக்கு யார் செய்தாலும் 103-லேயே தொடங்குங்கள்.

நான் அதிகம் மெனக்கெட்டது குமிழுக்காக. பாதி நேரம் எரிகிற எல்இடி கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரிவதில்லை, முக்கால்வாசியாகத் தெரியும். மங்கலான இடத்தில் சின்ன மாற்றத்தையும் கண் பெரிதாக எடுத்துக்கொள்ளும். சாதாரண லீனியர் வால்யூம் போட்டபோது, அத்தைக்குத் தேவையான மெல்லிய வெளிச்சம் முழுவதும் குமிழின் முதல் நூலிழைத் திருப்பத்திலேயே முடிந்துவிட்டது. வலிக்கிற விரல்களால் அதைப் பிடிக்கவே முடியவில்லை. அடுத்த முறை கோவைக்குப் போனபோது முதுகில் பி100கே என்று இருந்த அந்த லீனியரைக் கொடுத்துவிட்டு ஏ100கே வாங்கினேன். ஏ என்றால் லாக், தொடக்கத்தில் மெதுவாக மாறும் வகை, ஆடியோ கருவிகளுக்கானது. பாதித் திருப்பத்தில் எரியும் பங்கு பத்துப் பதினைந்து சதவீதம்தான் வரும். மங்கலுக்கு என்று குமிழின் பாதிச் சுற்று கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று: இரண்டு ஓர முனைகளை மாற்றிச் சால்டர் செய்துவிட்டால் பலன் தலைகீழாகிவிடும்.

பத்து மாதம் எந்தக் குறையும் இல்லை. 2022 நவம்பரில் ஒரு நடு இரவு அத்தை கூப்பிட்டார். "கண்ணு, லைட்டு தானா பளீர்னு எரியுது, வந்து பாரு." போய்ப் பார்த்தால் குறைந்த வெளிச்சத்தில் வைத்த விளக்கு திடீரென முழுதாக எரிகிறது, அணைகிறது, மறுபடி சரியாகிறது. நான்கு நாளாகச் சன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள் வந்துகொண்டிருந்தது. மறுநாள் பெட்டியைத் திறந்தேன். ஜீரோ போர்டின் (பாகங்களைச் சால்டர் செய்யும் ஓட்டை போட்ட பொது போர்டு) செம்பில் அங்கங்கே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. 555 சிப் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு வால்யூமில். அது பக்கவாட்டில் திறந்த வகை; உள்ளே கார்பன் தடத்தில் ஈரமும் தூசியும் படிந்து, தடத்தின்மேல் நகரும் நடு முனை அதைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அது தூக்கிய நொடியில் கெப்பாசிட்டர் நிரம்பவும் முடியாது, காலியாகவும் முடியாது. சிப் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். எரியும் நிலையில் நின்றால் முழு வெளிச்சம், அணைந்த நிலையில் நின்றால் இருட்டு. காரணம் புரிந்ததும் மனசு லேசானது. ஆனால் இருட்டில் எழுந்து நடப்பவருக்கு இரண்டுமே ஆபத்து, சும்மா கிளீனர் அடித்துவிட்டு விட மனசில்லை.

மூடி அடைத்த வகை வால்யூம் ஒன்றை, அதுவும் லாக் வகையாகவே தேடி வாங்கினேன். போர்டில் ஒட்டியிருந்த சால்டரிங் பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தேன். அந்தப் பிசின் ஈரத்தை இழுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு செம்புப் பக்கம் முழுவதும் நகப்பூச்சு இரண்டு பூச்சு. பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே கோத்துக்கொள்ளும் நீர் வடிந்துபோக. மலையில் இருப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். அடுத்த இரண்டு மழைக்காலத்திலும் விளக்கு ஒருமுறைகூடத் தானாகச் சிமிட்டவில்லை.

போர்டு கையில் இருக்கும்போதே மீட்டரை வைத்து மின்னோட்டம் பார்த்தேன். மிகக் குறைந்த வெளிச்சத்தில் மொத்தம் 24 மில்லி ஆம்பியர். அதில் எல்இடிக்குப் போவது நான்குதான்! பழைய பைபோலார் 555 எட்டுக்குப் பக்கம் தின்கிறது. மீதி பன்னிரண்டு, சிப்பின் 7-ஆம் காலுக்கும் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் நடுவில் இருக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரில் போகிறது. கெப்பாசிட்டர் காலியாகும் நேரமெல்லாம் 7-ஆம் கால் அந்த ரெசிஸ்டரைத் தரையோடு (பேட்டரியின் மைனஸோடு) சேர்த்துவிடும், மங்கலான நிலையில் அநேகமாக எப்போதும் அதுதான் நடக்கிறது. ஒரு இரவுக்கு 0.2 ஆம்பியர் மணி அதிகமில்லைதான். ஆனாலும் விளக்கைவிட அதை மங்கலாக்குகிற வேலை ஐந்து மடங்கு எடுப்பதை என்னால் அப்படியே விட முடியவில்லை. வெயிலே வராத வாரங்களில் அதே பேட்டரிதான் சமையலறை விளக்குக்கும்.

அதனால் 555-இன் குறைந்த மின்சாரம் எடுக்கும் சீமாஸ் (CMOS) வகையான 7555-ஐ அதே சாக்கெட்டில் செருகினேன். கால்கள் ஒன்றுபோலத்தான். 7-ஆம் காலை விட்டுவிட்டு, வால்யூமின் நடு முனையை 1 கிலோ ஓம் வழியாக வெளியீட்டுக் காலான 3-ஆம் காலிலேயே கொடுத்தேன். வெளியீடே கெப்பாசிட்டரை நிரப்பும், அதுவே காலியாக்கும். இப்போது மொத்தம் 5 மில்லி ஆம்பியருக்குள். பேட்டரி 12-லிருந்து சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட் வரை போனாலும் எரியும் பங்கு அநேகமாக மாறுவதில்லை. கெப்பாசிட்டரை எதுவரை நிரப்புவது, எதுவரை காலியாக்குவது என்ற இரண்டு எல்லைகளையும் சிப் வருகிற வோல்ட்டேஜில் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்றே வைத்துக்கொள்கிறது.

அப்புறம் ரேடியோ. காலையில் விளக்கை அணைக்காமலே அத்தை மீடியம் வேவில் கோவை வானொலி வைப்பார். 999 கிலோஹெர்ட்ஸ். பாட்டுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் இருந்தது, குமிழைத் திருப்பினால் அதன் குரல் மாறியது. மோஸ்ஃபெட் ரொம்ப வேகமாகத் திறந்து மூடுவதுதான் காரணம், ஸ்ட்ரிப்புக்குப் போகும் ஒயர் ஏரியல் மாதிரி அதை வெளியே வீசும். மோஸ்ஃபெட்டின் கேட் காலில் (அதைத் திறந்து மூடும் கால்) இருந்த 100 ஓமை எடுத்து 1 கிலோ ஓம் போட்டேன், ஒயர் இரண்டையும் முறுக்கிவிட்டேன், சிப்புக்கு ஒட்டினாற்போல ஒரு 104, ஒரு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன். இந்த வேகத்துக்கு மோஸ்ஃபெட் அதனால் சூடாவதில்லை. ரேடியோவைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தால்தான் இப்போது லேசாகக் கேட்கிறது.

குமிழில் அதே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி தடிமனாக வைத்தேன். அத்தை பார்ப்பதில்லை, விரலால் தடவியே புள்ளியை மேலே கொண்டுவந்துவிடுகிறார்; அதுதான் அவருடைய வெளிச்சம். கட்டிலுக்கு அடியில் ஒட்டிய ஸ்ட்ரிப்பின் பசைதான் ஒவ்வொரு மழைக்கும் விட்டுவிடுகிறது. இந்த வருடம் அலுமினியப் பட்டையில் ஒட்டி ஸ்க்ரூ போட்டு முடுக்கப் போகிறேன்.