ஒட்டுவதா, பின்னுவதா: பழைய பேசிக்கில் இரண்டு புரோகிராமை ஒன்றாக்குவது

1982-இல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64-இல், பேசிக் மொழியில் பாதி எழுதிய புரோகிராம் ஒன்று மெமரியில் இருக்கிறது. டிஸ்கில் உள்ள பழைய சப்ரூட்டீன்களையும் (தேவைப்படும்போது அழைக்கும் புரோகிராம் துண்டுகள்) கூடச் சேர்த்துக்கொள்ளலாம் என்று லோட் கொடுத்தால் முடிந்தது கதை. புதியது வந்து உட்காரும், எழுதியது போய்விடும். ஒரு எச்சரிக்கைகூட வராது. அதே 1982-இல் வந்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில், இருப்பதோடு சேர்ப்பதற்கென்றே மெர்ஜ் என்று ஒரு கட்டளை உண்டு. டாஸ் காலத்து ஜிடபிள்யூ-பேசிக்கிலும் உண்டு.

கமடோர் ஆட்கள் சும்மா இருக்கவில்லை, போக் (மெமரியின் ஒரு இடத்தில் நேரடியாக எண்ணை எழுதும் கட்டளை) போட்டு வழி கண்டுபிடித்தார்கள். அதையும் மெர்ஜ் என்றே சொல்வார்கள். எனக்கு அது ஒட்டுவேலை, அவ்வளவுதான்.

பேசிக் புரோகிராம் தொடங்கும் இடத்தை மெமரியில் 43, 44 என்ற முகவரிகளில் உள்ள இரண்டு பைட்டுகள் காட்டும். வழக்கமாக அது 2049: 43-இல் 1, 44-இல் 8, அதாவது 8×256+1. புரோகிராம் முடிந்து வேரியபிள்கள் தொடங்கும் இடம் 45, 46-இல் இருக்கும். கடைசி வரிக்குப் பின்னால் இரண்டு சுழி (0) பைட்டுகள் நிற்கும். புரோகிராம் இதோடு சரி என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சுழிகளின் மேலேயே இரண்டாவது புரோகிராமை இறக்கிவிட்டால் இரண்டும் ஒரே சங்கிலி.

‘10 பிரிண்ட்5’ என்று இடைவெளி விடாமல் ஒரே ஒரு வரி அடித்துப் பாருங்கள். அந்த வரிக்கு 7 பைட், சுழிகளுக்கு 2. 45-இல் 10 இருக்கும், 46-இல் 8. பத்திலிருந்து இரண்டைக் கழித்து போக் 43,8 : போக் 44,8 என்று கொடுத்து, அடுத்ததை லோட் செய்து, பிறகு போக் 43,1 : போக் 44,8 என்று பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். லிஸ்ட் போட்டால் இரண்டும் வரிசையாக வரும். 45-இல் 0 அல்லது 1 இருந்தால் மட்டும் கவனம்: கழித்தால் மைனஸ் வரும், போக் அதை ஏற்காமல் இல்லீகல் குவான்டிட்டி என்று கத்தும். அப்போது 46-இல் உள்ளதில் ஒன்று குறைத்து 44-இல் போட்டு, 43-இல் போடும் எண்ணோடு 256 கூட்டிக்கொள்ள வேண்டும். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரிலும் இதே வித்தைதான்; புரோகிராம் முடியும் இடத்தை டாப் என்ற சொல்லே தருவதால், டாப் கழித்தல் இரண்டு என்று முகவரி சுலபமாகக் கிடைத்துவிடும்.

ஒட்டுவதன் குறை லைன் நம்பரில் தெரியும். பின்னால் வருவதன் எண்கள் முன்னதைவிடப் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். முதலாவது 500 வரை போய், இரண்டாவது 100-இல் தொடங்கினால் லிஸ்ட்டில் எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் கோடூ 100 (100-ஆம் வரிக்குப் போ) கொடுத்தால் எங்கே போகும் என்பது அதிர்ஷ்டம். வரியைத் தேடும்போது கேட்டதைவிடப் பெரிய எண் கண்ணில் பட்டதும் தேடலை விட்டுவிடும். வரி எண்களை மாற்றிப் போடும் ரீநம்பர் வசதியும் இந்த பேசிக்கில் கிடையாது.

ஸ்பெக்ட்ரமின் மெர்ஜ் நிஜமாகவே பின்னுகிறது. டேப்பிலிருந்து வருவதை முதலில் ஒரு தனி இடத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக எடுத்து, எண்ணுக்கு உரிய இடத்தில் செருகும். ஒரே எண் இரண்டிலும் இருந்தால் புதியது பழையதைத் தள்ளிவிடும். புரோகிராம் பெரிதாக இருந்தால் டேப் ஓடி முடிந்த பிறகும் காத்திருக்க வேண்டும். ஒரு கூடுதல் லாபம்: தானாக ஓடும்படி சேவ் செய்த பேசிக் புரோகிராமை மெர்ஜ் மூலம் ஏற்றினால் ஓடாது. அடுத்தவர் எழுதியதை எட்டிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை!

ஜிடபிள்யூ-பேசிக்கும் எண் பார்த்துத்தான் செருகும். ஆனால் ஃபைல் ஆஸ்கி (வெறும் எழுத்து) வடிவில் இருக்க வேண்டும். சேவ் செய்யும்போது கடைசியில் கமா போட்டு ஏ சேர்க்க மறந்திருந்தால் பேட் ஃபைல் மோட் என்று திருப்பி அனுப்பிவிடும். எண்களை மாற்றும் ரீநம் கட்டளை இருப்பதால் எண்கள் மோதினால் முன்கூட்டியே நகர்த்தி வைக்கலாம்.

சப்ரூட்டீன் நூலகம் மட்டும்தான் வேண்டும் என்றால் கமடோர் ஒட்டுவேலையே எனக்குப் போதும். எல்லாவற்றையும் 50000-க்கு மேல் எண் போட்டு வைத்துவிட்டால் மோதலுக்கே இடமில்லை, வரி செருகும் வேலை இல்லாததால் வேகமும் அதிகம். எழுதிய புரோகிராமில் அங்கங்கே வரிகளை மாற்றும் திருத்தம் என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை அழைப்பதில்தான் ஜிடபிள்யூ-பேசிக் தனித்து நிற்கிறது. செயின் மெர்ஜ் கொடுத்தால் புதிய பகுதி உள்ளே வரும். டெலீட் சேர்த்தால் வேண்டாத வரிகள் முதலில் கழியும். ஆல் சேர்த்தால் வேரியபிள்கள் அத்தனையும் தங்கும். கமடோரிலும் புரோகிராமுக்குள் லோட் எழுதலாம், அடுத்தது தானாக ஓடும், வேரியபிள்களும் இருக்கும். ஆனால் 45, 46 மாறாது. அடுத்தது முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால் வேரியபிள்களின் மேலேயே ஏறி உட்காரும். அதனால் பெரியதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். அப்படியும் ஒரு பொறி மிச்சம்: ஏ$ போன்ற வேரியபிளுக்கு மேற்கோளுக்குள் நேரடியாக எழுதிக் கொடுத்த சரத்தை (எழுத்துத் தொடரை) பேசிக் நகல் எடுப்பதில்லை, புரோகிராம் வரியையே சுட்டிக்காட்டும். அந்த வரி போனதும் ஏ$-இல் குப்பைதான் இருக்கும். லோடுக்கு முன் ஏ$=ஏ$+"" என்று ஒரு வரி சேர்த்தால் சரம் மெமரியின் மேல்பகுதிக்கு நகர்ந்து தப்பிக்கும்.