டிடி பைக்கில் ஒற்றைச் செயின்ரிங்: மிச்சம் ஏழு விநாடி

"முன் டீரெய்லரைக் கழற்றினா எத்தனை வாட் மிச்சமாகும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். டிடி பைக் என்றால் நேரத்தோடு தனியாகப் போட்டிபோடும் டைம் டிரயல் பந்தய சைக்கிள். மிதிக்கும் இடத்தில் இருக்கும் பல்சக்கரம்தான் செயின்ரிங்; அது இரண்டு இருந்தால், செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது முன் டீரெய்லர். அவருடையது முன்னால் 53, 39 பல் ரிங்குகள், பின்னால் 11 முதல் 28 பல் வரை. நான் ஒற்றைச் செயின்ரிங்குக்கு மாறி ரொம்ப நாளாகிறது. காற்றுக்காக மட்டும் என்றால் கையை வைக்காதீர்கள்.

கணக்கு இதுதான். சமதளத்தில் 45 கி.மீ. வேகத்தில் மிதிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றுக்குப் போகிறது. அதிலும் முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடம்புக்கு. முன் டீரெய்லர் இருப்பதோ காலுக்கும் கிராங்குக்கும் (மிதி மாட்டிய தண்டு) நடுவே, ஏற்கெனவே கலங்கிய காற்றில். டீரெய்லர், உள் செயின்ரிங், கேபிள் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 2 வாட் என்று வைத்துக்கொள்வோம். 300 வாட் மிதிப்பவருக்கு அது 0.67%. தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்கு) ஏற்ப ஏறுவதால், வேகத்தில் கிடைப்பது 0.22% மட்டுமே. 40 கி.மீ. பந்தயத்தில் ஏழு விநாடி. செயின் ஒரு தடவை கழன்றால், இறங்கி மாட்டி மறுபடி வேகம் பிடிக்க அரை நிமிடம் காலி.

கழலத்தான் செய்கிறது. முன் டீரெய்லரின் கூண்டு கியர் மாற்றுவதோடு செயினுக்கு வேலியாகவும் நிற்கிறது. எடுத்தபின்தான் அது உறைக்கும். மிதிப்பதை நிறுத்தியதும் மேல் செயின் தொய்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தால் அலையடித்துப் பல்லை விட்டு விலகும். இரட்டைச் செயின்ரிங்கில் ஷிஃப்டரைத் தட்டி மிதித்தே ஏற்றிவிடலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

நேரோ-வைட் பற்கள் கட்டாயம். ஒல்லிப் பல், தடிப் பல் மாறிமாறி வருவதால் பல்லெண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும்; 53 கிடைக்காது, 54 அல்லது 56தான். மாட்டும்போது செயினின் வெளித்தகடு தடிப் பல்லில் உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் செயின் பல்லின் மேலேயே ஏறி நிற்கும், கொஞ்சம் மிதித்ததும் கீழே. பழைய போல்ட்டையே போடாதீர்கள்: அது இரண்டு செயின்ரிங்கின் தடிமனுக்கானது, இறுகியதுபோலக் காட்டி ரிங்கை ஆடவிடும். ஒற்றை ரிங்குக்கான குட்டை போல்ட் தனியாக விற்கிறது. செயின் நீளத்தையும் புதிதாக அளக்க வேண்டும். பின் டீரெய்லர் வழியே விடாமல் முன் ரிங், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரம் இரண்டையும் சுற்றி, அதற்கு மேல் ஒரு உள் இணைப்பு, ஒரு வெளி இணைப்பு. செயின் தேய்மானம் 0.5% காட்டினால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த செயினை நேரோ-வைட்டும் பிடித்து வைக்காது.

எனக்கு எரிச்சல் மூட்டுவது செயின் கேட்சர். டீரெய்லர் இருந்த இடத்தில், உள்பக்கம் செயின் விழாமல் தடுக்கப் போடுவது. செயினை 28-ல் வைத்துக்கொண்டு, கேட்சருக்கும் செயினுக்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். போல்ட் லேசாகத் தளர்ந்தாலும் அது திரும்பிக்கொள்கிறது. இடைவெளி மூன்று மில்லிமீட்டர் ஆனால் கேட்சர் இல்லாமலிருப்பதே மேல்: விழுந்த செயின் கேட்சருக்கும் ரிங்குக்கும் நடுவே ஆப்பாக இறங்கி, பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சு) பக்கத்துக் கார்பன் சட்டத்தைப் பெயிண்ட்டோடு சுரண்டி எடுக்கும். முதல் நாளே அங்கே தடித்த பாதுகாப்பு டேப் ஒட்டிவிடுங்கள். பின் டீரெய்லரில் கிளட்ச் (செயினைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடிப்பது) இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

இன்னொரு குறை ஏற்றம். 54-28-ல் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் 14.5 கி.மீ. வேகம். 8% ஏற்றத்தில், ஆளும் பைக்கும் சேர்ந்து 85 கிலோ என்றால், அதற்கே 300 வாட் பக்கம் வேண்டும்.

இவ்வளவு புலம்பலுக்கும் நடுவே எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு, அதற்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. 54-14-ல் 90 சுற்றுக்கு 44 கி.மீ. கிட்ட வருகிறது, பந்தயம் முழுக்க செயின் 13, 14, 15 என்று கேசட்டின் (பின் பல்சக்கர அடுக்கு) நடுப்பக்கமே, ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடுகிறது. 11 பல்லில் ஒவ்வொரு இணைப்பும் 33 டிகிரி மடங்க வேண்டும். 14-ல் 26 போதும். உராய்வு குறைவது காதுக்கே தெரியும், மெழுகு போட்ட செயின் என்றால் சத்தமே இல்லை. 2022 அக்டோபரில் இத்தாலிய சைக்கிள் வீரர் ஃபிலிப்போ கானா சுவிட்சர்லாந்தின் கிரென்ஷனில் ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டியபோது முன்னால் 60-க்கு மேல், பின்னால் 14 பல். ஏறக்குறைய அதே விகிதம் 51-11-லும் வரும். தேவையில்லாமலா அவ்வளவு பெரிய ரிங்?

ஆகவே நண்பருக்கு: 54 வாங்கி மாட்டுங்கள், முன் டீரெய்லரைக் கழற்றாதீர்கள். கூண்டைப் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. இருக்கும்படி உயர்த்தி, இரண்டு லிமிட் ஸ்க்ரூவாலும் (கூண்டு எதுவரை நகரலாம் என்று கட்டுப்படுத்தும் திருகுகள்) அசையாமல் பூட்டிவிட்டு, ஷிஃப்டரையும் கேபிளையும் மட்டும் எடுங்கள். உராய்வு லாபம் முழுசாகக் கிடைக்கும், வேலியும் நிற்கும், கேட்சர் செலவும் மிச்சம்.

நான் அப்படிச் செய்வேனா என்றால், மாட்டேன். மொட்டையாக நிற்கிற அந்தக் கிராங்க் பக்கத்தைப் பார்த்துப் பழகிவிட்டது.