கைக்குழந்தைக்குத் தூளியா, மரத்தொட்டிலா, கட்டிலோடு ஒட்டும் தொட்டிலா?

ஏழாம் மாதம் முடியும்போதே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. குழந்தை ராத்திரி எங்கே படுக்கும்? அம்மா தூளி என்றார். மாமனார், ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் ஒரு தொட்டில் செய்துவிடலாம் என்றார். நானும் வீட்டுக்காரரும் பார்த்து வைத்திருந்தது வேறு. கடைகளில் பெட்சைடு கிரிப் என்று விற்கிறார்களே, ஒரு பக்கத்தை இறக்கிவிட்டுப் பெரியவர்களின் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிற சின்னத் தொட்டில், அது. கடைசியில் அதைத்தான் 8,500 ரூபாய்க்கு வாங்கினோம். பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் கோபியில் அம்மா வீடு, அப்புறம் திருப்பூரில் எங்கள் வீடு. அதனால் ஒரே தொட்டிலை இரண்டு விதமான கட்டில்களோடு போட்டுப் பார்க்க நேர்ந்தது. கடையில் யாரும் சொல்லாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. இந்தத் தொட்டில் சரிவருமா என்பது தொட்டிலைவிட உங்கள் கட்டிலைத்தான் பொறுத்திருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

குழந்தையைக் கூடவே படுக்க வைத்துக்கொள்வதை முதலிலேயே தள்ளிவிட்டோம். அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) அதில் வருத்தம்தான். "ஏங்கண்ணு, பக்கத்துல போட்டுக்கிட்டா ஆகாதா? நாங்கெல்லாம் அப்பிடித்தான வளத்துனோம்" என்று கேட்டார். அவர்கள் காலத்தில் படுத்தது தரையில், பாயில், பவானி ஜமக்காளத்தில். சமமான, அழுத்தமான இடம். எங்கள் கட்டிலில் இருப்பது இலவம்பஞ்சு மெத்தை. நான் படுத்தாலே குழி விழும். குழந்தை உருண்டு என் பக்கம் சரியும். அதோடு தலையணை, போர்வை, இரண்டு பெரியவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுப்பித்த பரிந்துரை இதை நேராகவே சொல்கிறது: குறைந்தது முதல் ஆறு மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே தூங்கட்டும், ஆனால் தனிப் படுக்கையில். அந்தப் படுக்கை அழுத்தமாக, சமமாக இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, மெத்தென்ற பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி அமெரிக்காவில் 1994இல் ஒரு பெரிய பிரச்சாரம் தொடங்கினார்கள். அதன்பின் காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் சிசு மரணங்கள் அங்கே பாதி அளவுக்குக் குறைந்தன. அந்த மரணங்களில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள் நேர்பவை, அதிலும் இரண்டிலிருந்து நான்கு மாதம் வரைதான் மிக அதிகம். இதைப் படித்த பிறகு எனக்கு வேறு யோசனை வரவில்லை.

தூளியை அப்படி ஒரு வரியில் தள்ள மனசு வராது. அம்மாவின் பழைய நூல் சேலை, விட்டத்தில் கொக்கி, அம்மிச்சியின் தாலாட்டு. எங்கள் பாப்பாவும் பகலில் அதில் ஆடினாள். ஆனால் ராத்திரித் தூக்கத்துக்கு அது வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது. வளைந்த துணிக்குள் கிடக்கும்போது மோவாய் நெஞ்சில் போய் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கிக்கொள்ளும். குழந்தை அழக்கூட முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குச் சத்தமே கேட்காது. அதனால்தான் பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த எதிலும் குழந்தையைத் தூங்கவிட வேண்டாம் என்கிறார்கள். தூளியில் சமதளம் என்பதே இல்லை. பகலில் யாராவது கண் வைத்திருக்கும்போது ஆட்டினோம், தூங்கியதும் தூக்கித் தொட்டிலில் போட்டோம். ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதேதான் என் கருத்து. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். தூளித் துணியைச் சுழற்றி விளையாடும்போது அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். விளையாட்டு நேரத்தில் அவிழ்த்துச் சுருட்டி மேலே போட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மரத்தொட்டில். நேர்மையாகச் சொன்னால், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், அறையும் பெரிது என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டு வயதுக்கு மேலும் உழைக்கும், நான்கு பக்கமும் அடைத்திருப்பதால் கட்டிலோடு பொருந்துமா என்ற கவலையே இல்லை. எங்கள் திருப்பூர் அறை பத்துக்குப் பத்து. கட்டிலும் பீரோவும் போக அது நுழையாது. ஆசாரியிடம் செய்யக் கொடுப்பதாக இருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடைசல் கம்பிகள் பார்க்க அழகு, ஆனால் இடுப்பு மெலிந்த இடத்தில் சந்து பெரிதாகும். அளவை அங்கேதான் எடுக்க வேண்டும். நான்கு மூலைக் காலிலும் குமிழ் வைப்பது நம் பக்கத்து வழக்கம், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டைக் கழுத்து அதில் மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது.

நங்கையா (அண்ணி முறை) வீட்டில் அவர்கள் பையன் படுத்த தொட்டில் ஒன்று இருந்தது. எடுத்துக்கோ என்று ஆசையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதன் ஒரு பக்கம் சட்டத்தில் மேலும் கீழும் வழுக்கி இறங்குகிற மாதிரி, கொக்கி தேய்ந்து ஒரு முனை தளர்ந்திருந்தது. அந்த வகையை அமெரிக்காவில் 2011இல் விற்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பக்கம் பாதி கழன்று உண்டாகும் சந்தில் சிக்கி 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததுதான் காரணம். அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னோம், புரிந்துகொண்டார்கள்.

சரி, நாங்கள் வாங்கியதற்கு வருகிறேன்.

எனக்கு ஆபரேஷன். முதல் இரண்டு வாரம் படுக்கையிலிருந்து எழுந்திருப்பதே பெரும்பாடு. ராத்திரி மூன்று நான்கு முறை பால் கொடுக்க வேண்டும். கை நீட்டினால் குழந்தை எட்டும் என்பது எனக்கு வசதி மட்டும் இல்லை. எட்டாவிட்டால் அசதியில் குழந்தையை என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு தூங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியும். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி அசந்துவிடுவது அதைவிட ஆபத்து, குழந்தை சோபாவின் மடிப்பில் அமுங்கிவிடும். ஆகையால் அம்மா களைத்திருக்கும்போதும் குழந்தை தன் இடத்துக்குத் திரும்பிப் போக எது வழி செய்கிறதோ, அதுதான் பாதுகாப்பான தொட்டில் என்று நினைத்தேன். பக்கங்கள் வலையாக இருப்பதால் காற்று வரும். சித்திரை வெயிலில் அது பெரிய நிம்மதி. உறையைக் கழற்றித் துவைக்கலாம். இந்த மூன்றும் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதது இடைவெளியைப் பற்றி.

பக்கத்தை இறக்கிக் கட்டிலோடு ஒட்டியதும் இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். எங்கள் தொட்டிலோடு வந்த கையேட்டில் அரை அங்குலத்துக்கு மேல் சந்து விழக் கூடாது என்று போட்டிருந்தது. குழந்தையின் கையோ காலோ மட்டும் இல்லை, முகம் அந்தச் சந்தில் போய் அமுங்கினால் குழந்தையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. உயரமும் பொருந்த வேண்டும். இறக்கிய பக்கத்தின் விளிம்பு நம் மெத்தையின் மேல்மட்டத்தை விட உயர்ந்திருக்கக் கூடாது. குழந்தையின் மெத்தை அதைவிடச் சற்றுத் தாழ்ந்து, ஒரு சின்ன வரப்பு மாதிரி விளிம்பு நிற்க வேண்டும். அந்த வரப்புதான் குழந்தை நம் கட்டிலுக்கு உருண்டு வராமல் தடுப்பது.

கோபியில் அம்மா வீட்டுக் கட்டில் அப்பாரு (தாத்தா) காலத்துத் தேக்குக் கட்டில். நான்கு பக்கமும் சட்டம் எழும்பி நிற்கும், மெத்தை அதற்குள்ளே இறங்கி உட்காரும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். தொட்டிலை எவ்வளவு ஒட்டித் தள்ளினாலும் அது போய் முட்டுவது சட்டத்தில்தான், மெத்தையில் இல்லை. சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம், ஆக அந்தச் சந்து எப்போதும் இருந்தே தீரும். அதோடு இலவம்பஞ்சு. முதல் நாள் உதறிக் காயப்போட்டுப் பார்த்தபோது உயரம் சரியாக இருந்தது. நான்கே நாளில் நான் படுக்கிற ஓரம் அமுங்கி, விளிம்பு இரண்டு விரல் மேலே நின்றது. அம்மா ஒரு சென்னிமலைப் போர்வையை மடித்துச் சந்தில் செருகிவிடலாம் என்றார். கூடவே கூடாது. செருகிய துணி ராத்திரியில் நகர்ந்து குழந்தையின் முகத்துக்கு வரும், அல்லது கீழே இறங்கிச் சந்து மறுபடி திறக்கும்.

அதனால் அந்த மூன்று மாதமும் பக்கத்தை மேலே ஏற்றிப் பூட்டி, கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தனித் தொட்டிலாகத்தான் வைத்தேன். எட்டிப் பார்த்தால் முகம் தெரியும், கையை மேலே விட்டுத் தட்டிக்கொடுக்கலாம். தூக்குவதற்கு மட்டும் அம்மா எழுந்து வந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தை ஏற்றி வைத்தாலும் அது பாதுகாப்பான தொட்டில்தான். ஆனால் ஒட்டிப் போடும் வசதிக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் கட்டிலில் சட்டம் எழும்பி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திருப்பூரில் கதை மாறியது. அங்கே இருந்தது இரும்புக் கட்டில், மேலே தட்டையாக ஒட்டுப்பலகை, ஓரத்தில் எழும்பி நிற்கும் சட்டம் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டு ஆறு அங்குலத் தென்னைநார் மெத்தை வாங்கிப் போட்டோம். பொள்ளாச்சி பக்கத்தில் நாருக்குப் பஞ்சமில்லை, விலையும் எங்கள் கைக்கு எட்டியது. நார் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தாலும் அமுங்காது. கட்டிலின் எதிர்ப்பக்கத்தைச் சுவரோடு நெருக்கினோம். தொட்டிலோடு வந்த இரண்டு வார்ப்பட்டைகளையும் மெத்தைக்கு அடியில் விட்டுக் கட்டிலின் மறுபக்கச் சட்டத்தில் மாட்டி இறுக்கினோம். வீட்டுக்காரர் முதலில் இந்தப் பக்கக் காலிலேயே கட்டிவிட்டார். அப்படிக் கட்டினால் தொட்டில் விலகாதே தவிர, நம் மெத்தை பின்னால் நழுவும், சந்து அங்கே விழும். மறுபக்கத்திலிருந்து இழுத்துக் கட்டும்போதுதான் தொட்டில் மெத்தையை அழுத்திப் பிடிக்கிறது.

தினமும் ராத்திரி விளக்கணைக்கும் முன் இரண்டு வேலை. தொட்டிலை ஒரு முறை வெளியே இழுத்துப் பார்ப்பது. அப்புறம் உள்ளங்கையைச் செங்குத்தாகக் கோட்டில் இறக்கிப் பார்ப்பது. விரல் நுனிகூட நுழையவில்லை என்றால் சரி. வாரம் ஒரு தடவையாவது பட்டை கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது, விரிப்பு மாற்றிய நாட்களில் கட்டாயம் தளர்ந்திருக்கும். மறுபடி இழுத்துக் கட்ட ஒரு நிமிடம் ஆகும். இந்த ஒரு நிமிடத்தைத் தினமும் செலவழிக்க முடியாத வீடு என்றால், பக்கத்தை ஏற்றியே வைத்துக்கொள்வது மேல்.

உள்ளே என்ன போடுவது என்பதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கூடவே வந்த மெலிந்த மெத்தை, அதன் மேல் இறுக்கமாக ஒரு விரிப்பு, அவ்வளவுதான். கடினமாக இருக்கிறதே என்று ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், எல்லோரும் கேட்டார்கள். கடினமாகத்தான் இருக்க வேண்டும், அதன் மேல் இன்னொரு பஞ்சு மெத்தை போடக் கூடாது. தலை உருண்டையாக வரும் என்று ஒருவர் கடுகுத் தலையணை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டோம், தொட்டிலில் வைக்கவில்லை. கொசுவலையை அறைக்கூரையில் கட்டி, கட்டிலும் தொட்டிலும் சேர்ந்து உள்ளே அடங்குகிற மாதிரி விட்டோம். குழந்தையின் மேல் நேரே கவிழ்க்கிற குடைவலை எனக்குப் பிடிக்கவில்லை, கை கால் உதைத்தால் வலை முகத்தில் சரிகிறது.

எங்கள் அனுபவம் ஒரு குழந்தை, ஐந்தரை மாதம், அவ்வளவுதான். இரட்டைக் குழந்தைகளுக்கோ, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கோ இது எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல வழியில்லை, உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தொட்டிலில் 9 கிலோ வரை என்று அச்சிட்டிருந்தது. ஆனால் எடையை எட்டும் முன்பே நிறுத்த வேண்டி வந்தது. ஐந்தரை மாதத்தில் ஒரு நாள் பாப்பா கவிழ்ந்து கைகளையும் முட்டியையும் ஊன்றி எழும்பப் பார்த்தாள். அந்த நிலை வந்துவிட்டால் விளிம்பு உயரம் போதாது. அன்று ராத்திரியே தரையில் அழுத்தமான நார் மெத்தைக்கு மாற்றினோம், அடுத்த வாரம் மாமனார் ஆசைப்பட்ட மரத்தொட்டிலுக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்தோம். அறையிலிருந்து பீரோ வெளியே போனது. இரண்டு செலவு ஆனது உண்மைதான். முதல் ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இப்போது அந்தத் தொட்டில் சித்தப்பா மகளுக்குப் போகிறது, அவளுக்கு மாசியில் பிரசவம். வலையில் கிழிசல் இல்லை, பூட்டுகள் இரண்டும் சத்தத்தோடு விழுகின்றன. வார்ப்பட்டை இரண்டையும், கொக்கிகளையும், கையேட்டையும் ஒரே பையில் போட்டுத் தொட்டிலின் காலிலேயே கட்டி வைத்திருக்கிறேன். பட்டை தொலைந்தால் அதை ஒட்டிப் போடக் கூடாது என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வீட்டில் இருப்பதும் சட்டம் எழும்பிய தேக்குக் கட்டில்தான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய்ப் பார்க்க வேண்டும்.