ஈ.சி.ஆர். விடுதிக்குத் தண்ணீர்: கிணறா, லாரியா, கடல்நீர் ஆர்.ஓ.வா, குழாயா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி கட்ட இடம் வாங்குகிறவர்கள், தண்ணீர் என்றதும் லிட்டருக்கு எத்தனை காசு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லையிலிருந்து) அந்த சர்வே எண் எத்தனை மீட்டர்? 200-க்குள்ளா, 200-க்கும் 500-க்கும் இடையிலா, 500-க்கு அப்பாலா? நான்கு வழிகளில் எவை உயிரோடு இருக்கும் என்பதை அந்தத் தூரமே முடிவு செய்துவிடும். விலை அதற்குப் பிறகுதான்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே 60 அறை விடுதி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1172 சொல்லும் அளவுப்படி ஒரு படுக்கைக்கு 180 லிட்டர்; 120 படுக்கைக்கு 21,600. உணவகத்தில் ஒரு இருக்கைக்கு 70 லிட்டர் வீதம் 150 இருக்கைக்கு 10,500. ஊழியர் 80 பேருக்குத் தலைக்கு 45 வீதம் 3,600. ஆக நாளுக்கு ஏறக்குறைய 36 கிலோலிட்டர். கழிப்பறைத் தொட்டிகளுக்குத் தனிக் குழாய் போட்டு, சுத்திகரித்த கழிவுநீரை அதில் விட்டால், நல்ல தண்ணீர்த் தேவை 30-க்கு இறங்கும். தோட்டத்துக்கும் அந்தச் சுத்திகரித்த நீரே போதும். தோட்டத் தண்ணீரையும் நல்ல தண்ணீர்க் கணக்கில் சேர்த்து 60 கிலோலிட்டர் என்று விண்ணப்பிப்பவர்கள், தங்கள் வழியில் தாங்களே கல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். இனி எல்லாக் கணக்கும் 30 கிலோலிட்டருக்கு.

கிணறு: மலிவு, ஆனால் யாருக்கு?

2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (பேச்சில் சி.ஆர்.இசட்.) நிலத்தடி நீர் விஷயத்தில் வளைந்து கொடுப்பதில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. அங்கே குடியிருக்கும் உள்ளூர் மக்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் விலக்கு. 200-க்கும் 500-க்கும் இடையில், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைத்துக்கொள்ளலாம். அதுவும் குடிநீர், தோட்டக்கலை, விவசாயம், மீன்பிடிப்பு ஆகியவற்றுக்கு. 30 கிலோலிட்டரைப் பத்து லிட்டர் வாளியால் இறைத்தால் நாளுக்கு 3,000 வாளி. அறிவிக்கையில் கடற்கரை விடுதிகளுக்கான பின்னிணைப்பில் தனி வாசல் ஒன்று உண்டு: 200–500 மீட்டர் பகுதியில் மத்திய அல்லது மாநில நிலத்தடி நீர் வாரியத்தின் இசைவோடு எடுக்கலாம். அந்த இசைவு இல்லாமல் போட்ட போர்வெல், மற்ற எல்லா அனுமதியும் கையில் இருந்தாலும் விதிமீறல்தான்.

2019 அறிவிக்கை வந்தபின் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறக் கடலோரத்தில், அதாவது 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் 3-ஏ பகுதியில், கட்டடம் கட்டக் கூடாத தூரம் 200-லிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு “இனி கிணறும் 50 மீட்டரில் போடலாம்” என்று சொல்லும் தரகர்களை நம்ப வேண்டாம். நிலத்தடி நீர் எடுப்பது 2019-இலும் தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. அதோடு, புதிய அறிவிக்கையின்படி வரைந்த மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற இடத்தில்தான் அது நடைமுறைக்கு வரும். அதுவரை 2011-தான் ஆட்சி செய்யும். எந்த வரைபடத்தை வைத்துப் பேசுகிறோம் என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. இந்தப் பக்கம் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழிமுகமும். நடுவில் ஒரு மணல் திட்டு, அதற்கடியில் சார்னோக்கைட் பாறை. மழைநீர் அந்த மணலில் இறங்கி உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை உப்பு எட்டிப் பார்க்காது. மோட்டார் போட்டு அரை அடி இறக்கினால், நாளடைவில் அடியிலிருந்து 20 அடி உப்பு மேலேறும். அதனால்தான் ஒரே ஆழமான போர் அடித்து வேகமாக உறிஞ்சினால், கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பி வருகிறது. ஆழமில்லாத உறைக்கிணறுகள் இரண்டு மூன்று தோண்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் அதே தண்ணீர் பல வருடம் தாங்கும். ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற உள்நாட்டுப் புத்தி இங்கே செல்லாது.

நிலம் ஈ.சி.ஆருக்கு மேற்கே 500 மீட்டரையும் தாண்டி நீண்டிருந்தால் கதை மாறும். ஆனால் 500 மீட்டரைக் கடலிலிருந்து மட்டும் அளந்து நிறுத்தக் கூடாது. கழிமுகம், ஓதம் ஏறும் கால்வாய் ஆகியவற்றின் கரைக்கும் தனித் தூரக் கட்டுப்பாடு உண்டு. அதையும் கடந்தால் இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். வருவாய்க் கிராமத்தின் பெயர் 1987-ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தால், கிணறு தோண்ட ஒரு பெர்மிட், வீட்டுக்கு அல்லாத பயனுக்குத் தண்ணீர் எடுக்கத் தனி லைசென்ஸ். அட்டவணையில் இல்லையென்றால் பொதுப்பணித் துறையின் 2014-ஆம் ஆண்டு அரசாணை 142. அதன்படி ஃபிர்காவின் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவின்) நிலத்தடி நீர் நிலை எந்த வகையில் இருக்கிறது என்று பார்த்துத் தடையின்மைச் சான்று தருவார்கள். மிகைநுகர்வு ஃபிர்காவாக இருந்தால் அங்கேயே கோப்பை மூடிவிட்டு அடுத்த வழியைப் பார்க்கலாம்.

அனுமதி கிடைத்தால் வரும் நிபந்தனைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி: கிணற்று வாயில் மீட்டர், தினப் பதிவேடு, மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர்ப் பரிசோதனை, ஒரு கண்காணிப்புக் கிணறு. பிசகுவது சின்ன விஷயங்களில். மீட்டரைக் கிணற்று வாயில் வைக்காமல் மேல்நிலைத் தொட்டிக்குப் பின் வைத்துவிடுவார்கள். ஆய்வில் அது செல்லாது. மாதிரி எடுக்கும் நேரம் இன்னொன்று. காலையில் மோட்டார் போட்டதும் பிடித்த பாட்டிலில் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 900 காட்டும், அதே குழாயில் ஆறு மணி நேரம் கழித்துப் பிடித்தால் 1,600 வரக்கூடும். உப்புக் கூம்பு எழுகிறதா என்பதை இரண்டாவது பாட்டில்தான் சொல்லும். குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் ஏற்பு அளவு, வேறு வழியில்லாத இடத்தில் 1,000 வரை என்கிறது. டி.டி.எஸ். பேனாவை மட்டும் நம்பாமல் குளோரைடையும் மாதம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது எது என்று கேட்டால், உப்பான போரில் ஆர்.ஓ. மாட்டுவது. 3,000 டி.டி.எஸ். தண்ணீரிலிருந்து 30 கிலோலிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க, 70 சதவீத மீட்பில் (உள்ளே போவதில் நல்ல தண்ணீராகக் கிடைக்கும் பங்கு) 43 கிலோலிட்டர் உறிஞ்ச வேண்டும். மிச்சம் 13 கிலோலிட்டர், ஏறக்குறைய 10,000 டி.டி.எஸ்-ஸோடு வெளியே வரும். அதைப் பலர் மழைநீர்க் குழியில் விடுகிறார்கள். அது இறங்கும் இடம் அதே மணல், அதே கிணறு.

லாரி: அனுமதி இல்லாத வழி அல்ல

லாரித் தண்ணீருக்கு நமக்கு எந்த அனுமதியும் வேண்டாம் என்பது பாதி உண்மை. 1987 சட்டப் பகுதியில் தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும், அதை வண்டியில் ஏற்றிச் செல்லவும் வேண்டும். இரண்டின் நகலும் சப்ளை செய்பவரிடமிருந்து வாங்கி, வண்டி எண்ணோடு கோப்பில் இருக்க வேண்டும். சூழல் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது நீர் ஆதாரம் என்ற இடத்தில் “தனியார் லாரி” என்று மட்டும் எழுதினால் கேள்வி திரும்பி வரும்.

30 கிலோலிட்டர் என்றால் 12,000 லிட்டர் லாரி இரண்டு நாளில் ஐந்து. 2019 கோடையில் சென்னையே லாரிக்குக் காத்திருந்தது. அப்படிப்பட்ட வருடத்தில் விடுதிக்கு முன்னுரிமை கிடைக்காது. மூன்று நாள் இருப்புக்கு 90 கிலோலிட்டர் சம்ப் வேண்டும். இதில் ஓர் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. மார்கழியில் மணலில் நீர்மட்டம் மேலேறி நிற்கும்போது, கழுவுவதற்காகக் காலி செய்த சம்ப் படகைப் போல மேலே மிதந்து எழும்பிவிடும், குழாய் இணைப்புகள் எல்லாம் பிய்ந்துகொண்டு. அடித்தளத்தைச் சுற்றிலும் வெளியே நீட்டி மண் பாரம் ஏற்ற வேண்டும், அல்லது இரண்டு அறையாகப் பிரித்து எப்போதும் ஒன்றில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். சம்ப் கட்டுமானம் என்பதால் கட்டடத் தடைப் பகுதிக்குள் அதுவும் வரக் கூடாது.

கடல்நீர் ஆர்.ஓ.: தண்ணீர் நிச்சயம், கழிவு பிரச்சினை

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் சி.ஆர்.இசட். பகுதியில் முன் அனுமதியோடு செய்யக்கூடிய வேலைகளின் பட்டியலில் இருக்கிறது. நெம்மேலியில் 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் நிலையம் ஓடுகிறது. பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் நிலையம் 2024-இல் திறந்தார்கள். அதைப் பார்த்து 30 கிலோலிட்டர் எளிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு.

35,000 டி.டி.எஸ். கடல்நீரில் 40 சதவீதம் மீட்டால், 30 கிலோலிட்டருக்கு 75 கிலோலிட்டர் உள்ளே வர வேண்டும். நாளுக்கு 20 மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 3,750 லிட்டர் உள்ளே, 1,500 லிட்டர் நல்ல தண்ணீர் வெளியே. நான்கு அங்குலக் கடல்நீர் மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) 14 போதும். 60 பார் அழுத்தம் வேண்டும். ஆற்றல் மீட்புக் கருவி இல்லாமல் உயரழுத்தப் பம்புக்கு மட்டும் ஒரு கிலோலிட்டருக்கு 6 யூனிட் வரை. மற்றதையும் சேர்த்தால் 7, ஆக நாளுக்கு 210 யூனிட். பெரிய நிலையங்கள் ஆற்றல் மீட்போடு 3 முதல் 4 யூனிட்டில் முடிக்கின்றன. இந்தச் சின்ன அளவில் அந்த லாபம் கிடைப்பது கடினம்.

மீதி 45 கிலோலிட்டர் கழிவு, 58,000 டி.டி.எஸ். மணலில் விட முடியாது, கால்வாயிலும் கழிமுகத்திலும் விட முடியாது. கடலுக்குள் குழாய் போட்டு, அலை உடையும் இடத்தையும் தாண்டி, பல துளை வழியே கலக்கவிட வேண்டும். அந்தக் குழாய் ஓதம் ஏறி இறங்கும் கரையையும் கடற்பரப்பையும் தொடுவதால் நிலையத்துக்கு மட்டுமல்ல, குழாய்க்கும் அனுமதி வேண்டும். உப்பு எப்படிப் பரவும் என்ற மாதிரி ஆய்வும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் கேட்பார்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் கரையில் இயந்திரமும் விளக்கும் கூடாது என்ற நிபந்தனையை எதிர்பார்த்தே வேலை அட்டவணை போட வேண்டும். கரைவலை இழுக்கும் இடத்தில் குழாய் போனால் வலை கிழியும். மீனவர் பஞ்சாயத்திடம் வரைபடத்தோடு முன்பே போய்ப் பேசுவது விதிப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும், அதைச் செய்யாத திட்டம் பாதியில் நிற்கும்.

கடல்நீரை எடுக்க மணலுக்குள் கிணறு போடுவது தொழில்நுட்ப ரீதியில் நல்லது: மணலே வடிகட்டும், மெம்பிரேன் அடைப்பு குறையும். ஆனால் 200 மீட்டருக்குள் ஒரு கிணறு என்றதும் நிலத்தடி நீர்த் தடை குறுக்கே வரும். உள்ளே வருவது கடல்நீர்தான், கரையின் நல்ல தண்ணீர் இழுபடாது என்று பம்பிங் பரிசோதனையோடு காட்ட வேண்டியது விண்ணப்பதாரர். வடிகட்டிக்குப் பின் குளோரின் மிச்சம் இருந்தால் மெம்பிரேன் சீக்கிரமே பாழாகும் என்பதையும், வெளியே வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து சேர்க்காவிட்டால் குழாயை அரிக்கும் என்பதையும் ஆபரேட்டருக்கு எழுதித் தர வேண்டும்.

குழாய்

ஈ.சி.ஆர். ஓரமாகப் பெரிய குழாய் போகிறதே, அதில் ஒரு கிளை வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். நெம்மேலியிலிருந்து போவது நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் பெருங்குழாய். இணைப்பு தருவது பகிர்மானக் குழாயில். உங்கள் ஊரில் பகிர்மானம் மெட்ரோ வாட்டரா, உள்ளாட்சியா என்று கேட்டு, எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தர முடியாது என்ற பதில் வந்தாலும் அந்தக் கடிதம் தங்கம்: “வேறு ஆதாரம் இல்லை” என்பதை மற்ற அலுவலகங்களில் நிரூபிக்க அதைவிட நல்ல காகிதம் கிடையாது.

| வழி | உள்ளே எடுப்பது (நாளுக்கு) | கழிவு | சிக்கும் இடம் |
|---|---|---|---|
| உறைக்கிணறு | 30 கி.லி. | இல்லை | தூரம், வாரியத்தின் இசைவு |
| உப்புப் போர் + ஆர்.ஓ. | 43 கி.லி. | 13 கி.லி. | கழிவு விடும் இடம் |
| லாரி | 30 கி.லி. | இல்லை | சப்ளையர் லைசென்ஸ், கோடை |
| கடல்நீர் ஆர்.ஓ. | 75 கி.லி. | 45 கி.லி. | கடல் குழாய் |
| பொதுக் குழாய் | 30 கி.லி. | இல்லை | இணைப்பு கிடைப்பது |

மழைநீரைப் பட்டியலில் தனி வழியாகச் சேர்க்கவில்லை. 3,000 சதுர மீட்டர் கூரையில் வருடத்துக்கு 1,300 மில்லிமீட்டர் பெய்து 80 சதவீதம் பிடித்தால் 3,120 கிலோலிட்டர், அதாவது 104 நாள் தண்ணீர். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சேர்த்து வைக்க 300 கிலோலிட்டர் தொட்டி கட்டினாலும் பத்து நாள்தான். மணலில் இறக்கி விடுவதே இதன் உண்மையான பயன்.

500 மீட்டருக்குள் முழுவதும் அடங்கிய 60 அறை விடுதிக்கு எங்கள் தேர்வு: பொதுக் குழாய் விண்ணப்பம், லைசென்ஸ் உள்ள லாரி ஒப்பந்தம், கழிவுநீர் மறுபயன்பாடு. கடல்நீர் ஆர்.ஓ. பற்றி யோசிக்க, பக்கத்து விடுதிகள் சேர்ந்து ஒரே கடல் குழாய்க்குச் செலவைப் பகிர வேண்டும். ஒற்றை விடுதிக்குக் குழாயும் ஆய்வும் இயந்திரத்தைவிடப் பெரிய செலவு. மேற்கே 500 மீட்டர் தாண்டி நிலமும் நல்ல நிலை ஃபிர்காவும் இருந்தால், ஆழமில்லாத கிணறுகள் எல்லாவற்றையும் வெல்லும்.

எதைத் தேர்ந்தாலும் காகித வரிசை இப்படி: முதலில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் 1:4000 அளவில் உயர் அலைக் கோடு குறித்த வரைபடம் வாங்க வேண்டும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு மையம் செய்து தருகிறது. அதன்மேல் கிணறு, சம்ப், குழாய் எல்லாவற்றையும் வரைந்த பிறகே கட்டட வரைபடத்தை இறுதி செய்ய வேண்டும். கட்டடத்தை முதலில் முடித்துவிட்டுத் தண்ணீரைப் பின்னால் பொருத்தினால், சம்ப் தடைப் பகுதியில் விழும். அனுமதி வந்த பிறகு ஜூன் 1, டிசம்பர் 31 ஆகிய தேதிகளில் அரையாண்டு இணக்க அறிக்கை போக வேண்டும். மீட்டர் பதிவேடும் குளோரைடு அளவும் அந்த அறிக்கையில் வருவதால், பதிவேட்டை மேலாளரிடம் விடாமல் பம்ப் அறையிலேயே தொங்கவிட்டு, ஆபரேட்டர் கையெழுத்தோடு தினமும் எழுதவைப்பது நல்லது.